கையளவு சேறு

கண்டல்பேட்டைச் சுவர்களில் காக்கா ஆழி என்கிற சிப்பி ஏறிய கதையை எங்கள் ஊரில் யார் சொன்னாலும் ஆரத்தித் தட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துக் கொடுத்தவள் நான்தான். ரேஷன் கடையில் எடை போடுகிறவள், ஊரில் எந்த விசேஷம் என்றாலும் முன்னால் போய் நிற்கிறவள், வாயும் கையும் சும்மா இருக்காதவள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, நடுவில் ஒரு முழத் துணி விரித்த மாதிரி நாங்கள். கடலில் ஆண்கள் படகு ஓட்டுகிறார்கள், கழியில் பெண்கள் இறால் தடவுகிறார்கள். தடவுவது என்றால் வலை கிடையாது, தூண்டில் கிடையாது, தண்ணீரில் மார்பு வரை நனையக் குந்தி, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்ந்து, விரலில் துள்ளுகிற இறாலைப் பொத்திப் பறியில் போடுவது. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையே இல்லை. சேறு மெத்தென்று இருக்க வேண்டும், கை அதற்குள் தாராளமாகப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சேற்றுக்குத்தான் ஆபத்து வந்தது. கோடை நீண்டுகொண்டே போனது, மழை வரவேண்டிய மாதத்தில் வராமல் வரக்கூடாத மாதத்தில் வந்து கொட்டியது, கடல் வருஷத்துக்கு வருஷம் கழிமுகத்தைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்தது, தண்ணீர் அடுப்பில் வைத்த மாதிரி வெதுவெதுப்பாகவே இருந்தது. அந்தச் சூட்டில் எங்கள் மஞ்சள் மட்டி செத்துப்போக, எங்கோ தூர தேசத்திலிருந்து கப்பல் வயிற்றுத் தண்ணீரில் வந்து இறங்கிய காக்கா ஆழி மட்டும் கொழுத்தது. கருநீலச் சிப்பி, கட்டைவிரல் நீளம், ஓரம் பிளேடு மாதிரி. ஒன்றின் முதுகில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கழியின் அடியில் கம்பளம் விரித்தது. கை வைத்த பெண்களின் விரல்கள் கிழிந்தன, இறால் பதுங்கச் சேறு இல்லாமல் வேறு ஊர் பார்த்துப் போனது.

இதைப் பற்றி ஊருக்கு விழிப்புணர்வு உண்டாக்க வேண்டும் என்று பேரூராட்சிக்கு மேலிருந்து உத்தரவு வந்தது. செயல் அலுவலர் இளம்பரிதி நல்ல மனுஷர், உத்தரவு என்றால் உயிரை விடுவார். சுவரில் படம் போடுவது என்று முடிவு செய்து பூங்காவனத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பூங்காவனம் காலையில் கழியில் இறால் தடவுகிறவள், மதியத்துக்கு மேல் அச்சுத்தகடு வெட்டுகிறவள். இரண்டாவது வேலை அவள் புருஷன் துளசிங்கத்தினுடையது. ஊரில் உள்ள எல்லாப் படகுக்கும் பதிவு எண், எல்லாக் கரண்டுக் கம்பத்துக்கும் வரிசை எண், எல்லாம் அவன் கை. ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று போடுகிற எக்ஸ்ரே தாள்களை வாங்கிவந்து, அதில் எண்ணைக் கத்தியால் வெட்டியெடுத்து, சுவரில் வைத்துப் பெயிண்ட் அடிப்பான். சுழியம் வெட்டும்போது நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விடவேண்டும், அதற்குப் பாலம் என்று பெயர். பாலம் இல்லாத துண்டு தனித்தீவு, அது விழுந்துவிடும் என்று அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நுரையீரல் நோயில் அவன் போனபோது கத்தியும் தாள்களும் அவளுக்கு வந்தன.

"என்ன சார் படம் வரையணும்?"

"காக்கா ஆழி. பெருசா ஒண்ணு. கீழ 'வேண்டாத விருந்தாளியை விரட்டுவோம்'னு எழுதிடும்மா."

"பெரிய தாள் வேணும் சார். எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கீது."

அது துளசிங்கத்தின் கடைசி எக்ஸ்ரே. வெளிச்சத்தில் பிடித்தால் அவன் விலா எலும்புகளும், வெண்புகை மூடின மாதிரி நுரையீரலும் தெரியும். மூன்று வருஷமாக அதை வெட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு ஏனோ வந்தது. பெட்டியில் கிடந்து ஒட்டிப்போவதற்கு ஊருக்கு உபயோகமாகட்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். விலா எலும்பின் வளைவிலேயே சிப்பியின் வரிகளை வெட்டினாள், எல்லா வரிக்கும் பாலம் விட்டாள்.

பேரூராட்சிச் சுவரில் படம் வந்தது. அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. திறப்பு விழா வைத்தோம். எங்கள் ஊரில் போர்வெல் போட்டாலும், ஆட்டோ வாங்கினாலும், ஸ்கூலுக்குக் கம்ப்யூட்டர் வந்தாலும் பூசணிக்காய் உடைத்து, ஆரத்தி சுற்றி, சந்தனம் குங்குமம் வைக்காமல் இருந்ததில்லை. கை பழகிவிட்டது. கவுன்சிலரம்மா ஜெகதாம்பாள் ஆரத்தி சுற்றினாள், சிப்பியின் நெற்றி எது என்று ஒரு நிமிஷம் தேடி, மேல்முனையில் பொட்டு வைத்தாள். நாங்கள் குலவை போட்டோம். விரட்டுவோம் என்று எழுதிய சுவரில் விருந்தாளிக்கு ஆரத்தி எடுக்கிறோமே என்று நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் சுவரில் நான்கு சிப்பிகள் இருந்தன.

அதற்கு மறுநாள் பத்தொன்பது. செயல் அலுவலர் பூங்காவனத்தைக் கூப்பிட்டு, "ஒண்ணுதானேம்மா சொன்னேன்" என்றார். "நான் ஒண்ணுதான் சார் அடிச்சேன்" என்றாள் அவள். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள், சுவர் அவர்களைப் பார்த்தது. அந்த வாரத்துக்குள் பேரூராட்சிச் சுவர் முழுக்க, பிறகு சாக்கடையைத் தாண்டிக் கூட்டுறவுச் சங்கச் சுவர், அங்கிருந்து பாச்சா பாய் டீக்கடை, டீக்கடையிலிருந்து பள்ளிக்கூடம் என்று வர்ணச் சிப்பிகள் தங்களைத் தாங்களே அச்சடித்துக்கொண்டு பரவின. ஒவ்வொன்றிலும் பூங்காவனத்தின் பாலங்கள் அப்படியே இருந்தன. சுண்ணாம்பு அடித்தோம், சுண்ணாம்புக்கு மேலே வந்தன. சுரண்டினோம், சுரண்டின தூளிலிருந்து தரையில் முளைத்தன. பிறகு விட்டுவிட்டோம், வேறு வேலை இல்லையா எங்களுக்கு.

பத்தாம் நாள் அவை திறந்தன. கழியில் கடல் தண்ணீர் ஏறுகிற ஏற்ற நேரத்துக்குச் சரியாக, பெரிய தெருவின் கடைசிச் சுவரில் டிக் என்று ஒரு சத்தம், அடுத்த சுவரில் டிக், அடுத்ததில் டிக் டிக், பிறகு மழைத் தூறல் தகரத்தில் விழுகிற மாதிரி ஊர் முழுக்க அந்தச் சத்தம். எல்லாச் சிப்பியும் ஒரு நெல் அகலத்துக்கு வாய் பிளந்து, உள்ளே ஊதா நிறத்தில் ஒரு மினுக்கம் காட்டி, மூச்சு வாங்குகிற நெஞ்சு மாதிரி மெல்ல விரிந்து சுருங்கின. தண்ணீர் இறங்கி வற்றம் தொடங்கியதும் எல்லாம் ஒன்றாக மூடிக்கொண்டன. நாங்கள் தெருவில் நின்றோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பயத்தில் இல்லை. ஊரே ஒரு பெரிய உடம்பு, நாங்கள் எல்லாம் அதற்குள்ளே இருக்கிறோம் என்று பட்டது.

பழக எத்தனை நாள் ஆகும்? ஒரு மாதத்தில் மீனவர்கள் சுவரைப் பார்த்துப் படகு இறக்கினார்கள். அம்மன் கோயில் பூசாரி ஒரு காரணம் சொன்னார், பள்ளிவாசல் மோதினார் வேறு காரணம் சொன்னார், மாதா கோயில் சாமியார் மூன்றாவது ஒன்று சொன்னார். ஆனால் தங்கள் சுவரில் ஏறினதை மட்டும் யாரும் தொடக் கூடாது என்பதில் மூன்று பேருக்கும் ஒரே அபிப்பிராயம். கட்சிக்காரர்களின் சின்னங்களைச் சிப்பி மூடியபோது இரண்டு கட்சியும் எதிர்க்கட்சியின் சதி என்றன, பிறகு ஊர் அமைதியாக இருப்பது அவர்களுக்கே பிடித்துப்போனது. சுவரோரம் நின்ற டவுன் பஸ்ஸிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் அது புகை மாதிரி உதிர்ந்துபோனதாக டிரைவர் சத்தியம் செய்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கழிச் சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டுவது போல இந்தச் சிப்பிகள் காற்றை வடிகட்டின. ஊர்மேல் எப்போதும் படிகிற சாம்பல் தூசு காணாமல் போனது. கொடியில் காய்ந்த வேட்டி வெள்ளையாகவே இருந்தது. இளைப்பு வந்து மடியில் கிடந்த குழந்தைகள் எழுந்து ஓடின. விரட்டுவோம் என்று எழுதின எழுத்தையும் சிப்பி மூடியபோது யாரும் வருத்தப்படவில்லை.

வருத்தப்பட்டது ரேணம்மா மட்டும்தான். பூங்காவனத்தோடு சேர்ந்து இறால் தடவுகிறவர்கள் ஐந்து பேர், அதில் இவள் வாய்க்காரி. சின்ன வயதில் படகுக்கும் கரைக்கும் நடுவில் மாட்டி இடது கைச் சுண்டுவிரல் கொக்கி மாதிரி வளைந்துபோனவள். தண்ணீரில் வரிசையாக நகரும்போது அவள் இடம் எப்போதும் பூங்காவனத்துக்கு வலப்பக்கம், இருபது வருஷமாக.

ரேணம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். கூட்டுறவுச் சங்கச் சுவரில் மூட்டை அளவுக்கு ஒரு இடத்தில் சிப்பி ஏறாமல் வெறுமையாக இருந்தது. அன்று காலையில்தான் கழியில் மூன்றாம் ஓடை வளைவில் அதே வடிவத்தில் ஒரு திட்டுச் சேறு அவள் கையில் தட்டுப்பட்டிருந்தது.

"யக்கா, எங்கூட வந்து பாரு. இந்தச் செவுரு நம்ம ஓடைக்கா. இங்க காலியா கீதுன்னா அங்க சேறு கீது."

"உளறாதடி."

"உளறல. டீக்கடைச் செவுத்துல மேல்பக்கம் காலியா கீது பாரு, நாளிக்கி கோயில் ஓடை முக்குல தேடலாம் வா."

தேடினார்கள். இருந்தது. எங்கள் முன்னோர் படகு கட்டத் தெரிந்தவர்கள், தெரு போடத் தெரியாதவர்கள், கழியின் ஓடைகள் எப்படி வளைந்தனவோ அப்படியே தெருக்களையும் வளைத்து வைத்துவிட்டார்கள். அதனால் ஊர்ச் சுவர்கள் கழியின் அடித்தரைக்கு வரைபடம் ஆகிவிட்டன. அன்றிலிருந்து ஐந்து பெண்களும் காலையில் முதலில் தெருவைச் சுற்றுவார்கள், வெறும் சுவர் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள், பறி நிறையும். நாங்களும் எங்கள் வீட்டுச் சுவரில் காலியிடம் இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லுவோம், அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

ஆனால் காலியிடம் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கோடை எங்களுக்குத் தெரிந்த எல்லாக் கோடையையும் விடக் கொடியது. ஒவ்வொரு வாரமும் சுவரில் ஒரு பாய் அளவு மூடியது, பிறகு ஒரு தலையணை அளவு, பிறகு ஒரு தட்டு அளவு. ஆனி கடைசியில் ஊரில் வெறும் சுவர் என்று ஒன்று இல்லை. ஐந்து பேரில் மூன்று பேர் வேறு வேலைக்குப் போனார்கள். ரேணம்மாவுக்குத் தூரத்து ஊர் இறால் கம்பெனியில் ஓடு உரிக்கும் வேலை, அங்கேயே தங்கல், ஆவணி ஒன்றாம் தேதி வண்டி வந்து அழைத்துப் போகும் என்று முடிவானது.

"போறதுன்னே முடிவு பண்ணிட்டியா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"இங்க இன்னா கீதுக்கா? கையப் பாரு." விரித்துக் காட்டினாள். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கும் நெடுக்கும் கீறல்.

பூங்காவனம் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது.

அவள் வீட்டுக் கூடத்தில் தினசரி காலண்டருக்குப் பின்னால் துளசிங்கத்தின் கை இருந்தது. குடிவந்த அன்றைக்கு, புது ஸ்பிரே டின் வேலை செய்கிறதா என்று பார்க்க, தன் வலது கையைச் சுவரில் பதித்து மேலே நீலம் அடித்தான். கையை எடுத்ததும் நீலத்துக்கு நடுவில் ஐந்து விரலும் வெள்ளைச் சுண்ணாம்பாகத் தெரிந்தது. அவன் இருக்கும்வரை அவள் அதைத் திட்டிக்கொண்டே இருந்தாள், போன பிறகு காலண்டரை மாட்டி மறைத்துக் காப்பாற்றினாள். ஒரு நாளும் தொட்டதில்லை. வியர்வை பட்டு ஓரம் கலைந்துவிடும் என்று பயம்.

சிப்பிகள் அவள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. கூரை வரை ஏறின. நீலத்தின் மேலும் ஏறின. அந்தக் கைக்குள் மட்டும் ஏறவில்லை. ஓரம் வரை வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி நிற்கிற மாதிரி நின்றுவிட்டன. ஊரிலேயே கடைசிக் காலியிடம் அதுதான் என்றால், கழியில் கடைசிச் சேறு எங்கே இருக்கும், எந்த வடிவத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள் உச்சி வெயிலில், வற்றத்தில், தனியாகப் போனாள்.

பட்டுப்போன கண்டல் மரங்களுக்குப் பின்னால் இருந்தது. முதலில் கட்டைவிரல் ஓடை காலில் பட்டது, பிறகு நான்கு விரலும், பிறகு அகலமான உள்ளங்கை. சுற்றிலும் சிப்பிக் கரை, நடுவில் மெத்தென்ற கருஞ்சேறு. குந்தினாள், கையை விட்டாள். அந்தச் சேறு குளிர்ச்சியாக இருந்ததாம். கழி முழுக்கக் கொதிக்கிறபோது அது மட்டும் குளிர்ச்சியாக இருந்ததாம். அவன் உள்ளங்கைக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் அழுதாள். விரலில் ஒரு துள்ளல் பட்டது, பிறகு இன்னொன்று. அன்றைக்குப் பத்து இறால் பிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வந்து துழாவி முடித்துவிடுவார்கள், அவன் கையைக் காலால் மிதிப்பார்கள் என்று நினைத்தாள். தப்பு என்று தெரிந்தே செய்தாள், இரண்டு வாரம் செய்தாள்.

மூன்றாவது வாரம் ரேணம்மா சொல்லாமல் வீட்டுக்குள் வந்தபோது பறி வாசலிலேயே இருந்தது. குனிந்து மோந்து பார்த்தாள்.

"இது வாங்குன இறால் இல்ல. நம்ம சேத்து வாசன அடிக்குது. எங்கக்கா புட்ச்ச?"

பூங்காவனம் பறியை உள்ளே இழுத்தாள்.

"நான் மூட்ட கட்டிக்கினு கீறேன், நீ தனியா தடவிக்கினு கீறியா? இருபது வருசம் பக்கத்துல குந்திக்கினு இருந்தேனே, யாரோவா நானு?"

திட்டியிருந்தால் பதில் பேசியிருக்கலாம். ரேணம்மா திட்டவில்லை, வாசலைப் பார்த்துத் திரும்பினாள். பூங்காவனம் போய்க் காலண்டரைக் கழற்றினாள்.

ரேணம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். அப்போது ஏற்றம் வந்தது, சுவர் முழுக்க டிக் டிக் என்று திறந்தது, ஆயிரம் சிப்பிகள் மூச்சுவிட நடுவில் அந்த வெள்ளைக் கை அசையாமல் இருந்தது. "துளசிங்கண்ணன் கைதானே" என்றாள் மெதுவாக. "அடிப்பாவி, எப்டிக்கா சொல்லுவ நீ. எனக்கே சொல்ல வாய் வராதே." பிறகு என்ன நினைத்தாளோ, கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி, கீறல் விழுந்த தன் இடது கையைச் சிப்பிகள் மேலேயே வைத்தாள். சிப்பிகள் ஒவ்வொன்றாக வாயை மூடி அவள் உள்ளங்கைக்கு அடியிலிருந்து விலகிப் போயின. "நகருது யக்கா, கூசுது. சீக்கிரம் அடி, டின்ன எடு!"

பூங்காவனம் டின்னை எடுத்து அந்தக் கையைச் சுற்றி நீலம் அடித்தாள். மறுநாள் வற்றத்தில் இருவரும் போனார்கள். பெரிய கைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னச் சேறு இருந்தது, அதன் ஓரத்து விரல் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ரேணம்மா தண்ணீரில் நின்று தன் விரலைத் தூக்கிப் பார்த்தாள், கீழே காலால் தடவிப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் சும்மா இருப்போமா நாங்கள்? தெருச் சுவர்களில் கை வைக்க ஊரே வரிசையில் நின்றது. கவுன்சிலரம்மா வளையலைக் கழற்றிவிட்டுக் கை வைத்தாள். பாச்சா பாய் பிஸ்மில்லா சொல்லி வைத்தார். செயல் அலுவலர் இதற்கு உத்தரவு எதுவும் இல்லையே என்று யோசித்துவிட்டு வைத்தார். கைக்குழந்தைகளின் கையைப் பிடித்து வைத்தோம். நான் இரண்டு கையையும் வைத்தேன், கேட்டால் எடை போடுகிறவளுக்கு இரண்டு தட்டு வேண்டும் என்றேன். "தின்னருல கை தொடச்சிட்டு வராதீங்க, பெயிண்ட் கரைஞ்சி ஓரம் போயிரும்" என்று பூங்காவனம் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே அடித்தாள். இந்த முறை ஆரத்தி எடுக்கவில்லை, தட்டை நான் வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தேன்.

கழியில் எங்கள் கைகள் எல்லாம் சேறாக முளைத்தன. நூற்றுக்கணக்கில். பரிசலில் போய் ஒவ்வொருவரும் தங்கள் கையைத் தேடிப் பார்த்தோம். கடவுளே, அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

ஆனால் இறால் வரவில்லை. பத்து நாள் பார்த்தோம். சேறு இருந்தது, மெத்தென்று இருந்தது, வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு கையும் சிப்பிக் கரைக்குள் அடைபட்ட தனிக் குட்டை, வெயில் ஏறினால் கொதித்தது. துளசிங்கத்தின் கையில் இருந்த மிச்ச இறாலும் குறைந்துவந்தது. ஆடி முடிய மூன்று நாள் இருந்தது.

"வுடுக்கா," என்றாள் ரேணம்மா. "கை நெனவுக்காவது இருக்கட்டும். உன் கைய மட்டும்தான் வெக்கல. நீ வையி, நான் அடிக்கிறேன்."

"வேணாம்டி. உனக்கு அடிக்கத் தெரியாது."

"நான் போறதுக்கு முன்னால வெச்சிரு. இல்லன்னா யாரு உனக்கு அடிப்பா?"

பூங்காவனம் டின்னை அவள் கையில் கொடுத்தாள். அன்று காலை முழுக்கப் படகுகளுக்கு எண் போட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், பழக்கதோஷத்தில் பெயிண்ட் போகத் தின்னரில் கை துடைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் சொன்னது தனக்கு மறந்துவிட்டது. அவள் கைக்கு இடம் எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துளசிங்கத்தின் கைக்கும் ரேணம்மாவின் கைக்கும் நடுவில், ஒரு கை அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. வைத்தாள். கட்டைவிரல் வழுக்கிப்போய் அவன் சுண்டுவிரலின் ஓரத்தில் பட்டது, இந்தப் பக்கம் அவள் சுண்டுவிரல் ரேணம்மாவின் கொக்கியில் பட்டது. ரேணம்மா கண்ணை மூடிக்கொண்டு டின்னை அழுத்தினாள், பாதி நீலம் கூரைக்குப் போனது.

கையை எடுத்தபோது அவன் சுண்டுவிரலுக்கு ஓரம் இல்லை. நீலக் கோடு கரைந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றாகிவிட்டிருந்தது. அவன் கை எங்கே முடிகிறது, அவள் கை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மூன்று வருஷம் வியர்வை படாமல் காத்த கை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையாலயே அழிச்சிட்டேன் ரேணு" என்றாள்.

ரேணம்மா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழியலக்கா. எழுந்து பாரு. ஒட்டிக்கினு கீது."

பூங்காவனம் எழுந்து பார்த்தாள். சுழியத்தின் நடுத்துண்டும், பாலம் இல்லாத தீவும் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தன. எண் வெட்டுகிற ஒவ்வொரு நாளும் செய்கிற பாலம் விடும் வேலையை ஊரே கை வைத்த அன்றைக்குச் செய்யாமல் விட்டிருந்தாள். ஒருவர் கை இன்னொருவர் கையில் படாமல், நாகரிகமாக, தள்ளித் தள்ளி எல்லோருக்கும் அடித்திருந்தாள். கழியில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தண்ணீர் போக வழியில்லை.

தின்னர் பாட்டிலோடு தெருவுக்கு வந்தாள். எங்களை மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை யார் பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை, சொந்தம் பார்க்கவில்லை, சண்டை போட்டவர்களைப் பார்க்கவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தொட வேண்டும், அது ஒன்றுதான். ஐந்து வருஷமாக என்னோடு பேசாத எதிர்வீட்டுக்காரியின் விரல் என் விரலோடு ஒட்டியது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் விரலை எடுக்கவும் இல்லை. பூங்காவனம் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய கைச்சங்கிலி, தெருக்கள் வளைகிற வளைவெல்லாம் வளைந்து, பேரூராட்சியின் முதல் சிப்பியைச் சுற்றிக்கொண்டு, கடல் பார்த்த கடைசிச் சுவரில் போய் முடிந்தது. சிப்பிகள் விலகி வழிவிட்டன. போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை, கைகளுக்கு மேலும் கீழும் அவை திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு கோடையிலும் ஓரத்தை மூடப் பார்க்கின்றன, நாங்கள் மறுபடி போய்க் கை வைக்கிறோம்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் வண்டி வந்து பெரிய தெருவில் நின்றது. ரேணம்மா மூட்டையை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரே ஒரு தரம் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கழிக்கு ஓடினாள். பூங்காவனம் முன்னாலேயே தண்ணீரில் இருந்தாள். கரையில் நாங்கள் ஐம்பது பேர் நின்றோம், வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். ஏற்றம் தொடங்கியது. ஊர்ச் சுவர்களில் டிக் டிக் என்று திறக்கிற சத்தம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கேட்டது, கடல் தண்ணீர் கடைசிக் கைக்குள் நுழைந்தது, அதிலிருந்து அடுத்த கைக்கு, அடுத்த கைக்கு, விரல் விரலாக, குளிர்ந்து, நுரைத்து உள்ளே வந்தது.

இருவரும் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு குந்தியிருந்தார்கள். பூங்காவனம் இடப்பக்கம், ரேணம்மா வலப்பக்கம். கலங்கின தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. இருவர் கைகளும் சேற்றுக்குள் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தன, துள்ளல் பட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பொத்தினார்கள், இறால் என்று நினைத்து ஒருத்தி கையை ஒருத்தி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வாயில் பறி இருந்ததால் பேச முடியவில்லை. சிரிக்கவும் முடியவில்லை. பிடித்த கைகளுக்கு நடுவில் இறால் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

ஹாரன் மூன்றாம் முறை கேட்டது. ரேணம்மா கையை விடவில்லை.